பிஎச்டிக்கு என்எம்ஆரா, ஈஎஸ்ஆரா, மியூவானா, வைரமா? எந்த லேப்ல போய் உக்காரலாம்

எம்எஸ்சி பிசிக்ஸ் முடிச்சு, நெட்டோ கேட்டோ க்ளியர் பண்ணிட்டு, கண்டென்ஸ்டு மேட்டர் பக்கம் லேப் தேடுற பசங்க பொண்ணுங்க நெறைய பேர் கேக்குற கேள்வி இது. மேக்னடிக் ரெசனன்ஸ்னா ஆஸ்பத்திரில இருக்கிற எம்ஆர்ஐன்னு வீட்ல சொல்லி வச்சிருப்பீங்க, அது பரவால்ல, ஆனா பிசிக்ஸ் ரிசர்ச்சுல இந்த பேருக்குள்ள நாலஞ்சு வேற வேற உலகம் இருக்கு. அஞ்சு வருஷம் எந்த உலகத்துல இருக்கப்போறோம்ங்கறத, காலியா இருக்கிற சீட்ட மட்டும் பாத்து முடிவு பண்ணிட்டு அப்புறம் பொலம்பக்கூடாது. நான் என்எம்ஆர் (நியூக்ளியர் மேக்னடிக் ரெசனன்ஸ்) ஆளு, அதனால கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்வேன், முன்னாடியே சொல்லிட்டேன், அதுக்கேத்த மாதிரி கழிச்சுப் படிச்சுக்கோங்க.

அடிப்படை எல்லாத்துக்கும் ஒண்ணுதான். ஒரு ஸ்பின் இருக்கு, அது காந்தப்புலத்துல ஒரு குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சில சுத்துது, அந்த ஃப்ரீக்வென்சியும் அது எவ்ளோ சீக்கிரம் அடங்குதுங்கறதும் பக்கத்துல என்ன நடக்குதுன்னு சொல்லிடும். யாரோட ஸ்பின்ன பாக்குறோம்ங்கறதுலதான் வித்தியாசம். என்எம்ஆர்ல நியூக்ளியஸ், ப்ரோட்டானா இருந்தா ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ். ஈஎஸ்ஆர்ல (எலக்ட்ரான் ஸ்பின் ரெசனன்ஸ், ஈபிஆர்னும் சொல்வாங்க, ரெண்டும் ஒண்ணுதான்) எலக்ட்ரான், ஒரு டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ். மியூஎஸ்ஆர்ல வெளியிலருந்து கொண்டு வந்து செருகுற மியூவான்ங்கற ஆயுசு கம்மியான துகள், ஒரு டெஸ்லாவுக்கு 135.5 மெகாஹெர்ட்ஸ். நாலாவது, வைரத்துக்குள்ள நைட்ரஜனும் பக்கத்துல ஒரு காலி இடமும் சேந்த என்வி சென்டர், அதுவும் எலக்ட்ரான் ஸ்பின்தான், ஆனா லேசர் அடிச்சு வர்ற வெளிச்சத்த வச்சுப் படிக்கிறோம்.

வரலாறு சுருக்கமா. சவாய்ஸ்கி 1944ல கசான்ல ஈஎஸ்ஆர் பாத்தாரு, போர் நடந்துட்டு இருந்த நேரம், வெளிய பெருசா யாருக்கும் தெரியல. அடுத்து 1945 கடைசில ஹார்வர்ட்ல பர்செல் குழு பாரஃபின்லயும், 1946 ஆரம்பத்துல ஸ்டான்ஃபோர்டுல ப்ளாக் குழு தண்ணிலயும் என்எம்ஆர் சிக்னல் எடுத்தாங்க, 1952ல ரெண்டு பேருக்கும் நோபல். நம்ம பக்கமும் லேட்டா எல்லாம் ஆரம்பிக்கல. பெங்களூர் ஐஐஎஸ்சில சூர்யன் 1951லயே ஓடுற தண்ணில என்எம்ஆர் எப்படி மாறுதுன்னு பேப்பர் போட்டுட்டாரு, ரத்த ஓட்டத்த எம்ஆர்ஐல பாக்குற விஷயத்துக்கெல்லாம் அது ஒரு வகைல பாட்டன். அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டுல ஆல்கஹால்ல மூணு தனித்தனி பீக் காட்டுன பேப்பர்ல இருந்த தர்மாட்டிதான் அப்புறம் பம்பாய் டிஐஎஃப்ஆர்ல என்எம்ஆர் குழு ஆரம்பிச்சாரு.

சும்மா "இது நல்லது அது கெட்டது"ன்னு பேசுனா ஒண்ணும் வெளங்காது, அதனால ஒரே ஒரு பொருள எடுத்துக்குவோம். ஹெர்பர்ட்ஸ்மித்தைட். சிங்க், காப்பர், ஹைட்ராக்சில், குளோரின் சேந்த பச்சை கலர் கனிமம், 2005ல எம்ஐடில லேப்ல சுத்தமா பண்ணிக் காட்டுனாங்க. இதுல காப்பர் அணுக்கள் ககோமே அமைப்புல உக்காந்திருக்கு, அதாவது முக்கோணங்கள் முனையில முனை தொட்டு நிக்குற தளம். ஒவ்வொரு காப்பர் ஸ்பின்னும் பக்கத்து ஸ்பின்னுக்கு எதிரா நிக்கணும்னு பாக்கும், முக்கோணத்துல மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் எதிரா நிக்க முடியாது, அதனால ஸ்பின்லாம் எந்த ஒழுங்குக்கும் வராம, குளிர வச்சாலும் உறையாம, குவாண்டம் ஸ்பின் லிக்விடா இருக்கும்னு எதிர்பார்ப்பு. ஸ்பின்களுக்கு நடுவுல இருக்கிற இழுபறி சக்தி சுமார் 180 கெல்வின். கேள்வி மூணு. நெஜமாவே உறையாம இருக்கா? ககோமே கணக்க கெடுக்குற வேற சின்ன சக்திகள் எவ்ளோ? கடைசியா, கீழ்மட்டத்துல எனர்ஜி கேப் (அடிமட்ட நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவுல இடைவெளி) இருக்கா இல்லையா? இந்த மூணுக்கும் மூணு மெத்தட் பதில் தேடுச்சு, அதுதான் இந்த பொருள எடுத்ததுக்கு காரணம்.

முதல் கேள்விக்கு மியூவான். 2007ல பிரான்ஸ்ல ஓர்சே குழு 50 மில்லிகெல்வின் வரைக்கும் எறக்கிப் பாத்து உறையலன்னு சொல்லிட்டாங்க. 180 கெல்வின் சக்தியோட இழுத்துக்கிட்டு இருக்கிற ஸ்பின்கள் 0.05 கெல்வின்லயும் ஆடிக்கிட்டே இருக்கு. இத என்எம்ஆர்ல சொல்லணும்னா வேர்த்துருக்கும். ஏன்னா என்எம்ஆருக்கு வெளிய ஒரு காந்தப்புலம் குடுத்தே ஆகணும், அந்த புலமே ஸ்பின்கள என்னமோ பண்ணிடுச்சோன்னு யாராச்சும் கேப்பாங்க. மியூவானுக்கு அந்த தொல்லையே கெடையாது. பயான்ங்கற துகள் உடைஞ்சு வரும்போதே மியூவான் கிட்டத்தட்ட 100 சதவீதம் ஒரே பக்கம் பாத்த ஸ்பின்னோடதான் பொறக்குது, புலமே இல்லாம உள்ள விட்டு, அது சாகும்போது பாசிட்ரான் எந்தப் பக்கம் பறக்குதுன்னு எண்ணினா போதும். பொருளுக்குள்ள ஒரு காஸ்ல பத்துல ஒரு பங்கு அளவு புலம் இருந்தாக்கூட தெரிஞ்சிடும். உறைஞ்சுதா இல்லையாங்கற கேள்விக்கு இத விட நேரான பதில் சொல்ற மெத்தட் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

என்எம்ஆர்ல இதே விஷயத்த நெனச்சுப் பாருங்க. ரூம் டெம்பரேச்சர்ல, 9.4 டெஸ்லா காந்தத்துல வச்சாக்கூட, ஒரு லட்சம் ப்ரோட்டான் எடுத்தா மேல பாக்குறதுக்கும் கீழ பாக்குறதுக்கும் வித்தியாசம் 3 தான். மிச்சம் 99,997ம் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கிட்டு போயிடுது. அந்த மூணோட சிக்னலத்தான் நாம ஒரு செம்புக் கம்பிச் சுருள வச்சுப் பொறுக்குறோம். எக்ஸ் பேண்ட் (9.5 கிகாஹெர்ட்ஸ்) ஈஎஸ்ஆர்ல 0.34 டெஸ்லாவிலயே லட்சத்துக்கு 75 பக்கம் வரும். மியூவான்ல லட்சத்துக்கு லட்சம். இத மட்டும் பாத்தா என்எம்ஆர யாரும் தொடவே மாட்டாங்க.

அப்புறம் ஏன் தொடுறாங்கன்னா, எந்த அணுகிட்ட போய் கேக்கணும்னு நாமளே முடிவு பண்ணலாம். இதுதான் மொத்த சமாச்சாரமே. ஹெர்பர்ட்ஸ்மித்தைட்லயே ப்ரோட்டான், குளோரின், காப்பர், ஆக்சிஜன் 17ன்னு நாலு பேர்கிட்ட தனித்தனியா கேக்கலாம், நாலும் வேற வேற ஃப்ரீக்வென்சி, ஒருத்தர் பேசுறது இன்னொருத்தரோட கலக்காது. இதோட அழகு புரியணும்னா 1980கள் கடைசில வந்த ஹைடெம்பரேச்சர் சூப்பர்கண்டக்டர் கதைய பாக்கணும். இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடுல காப்பர் நியூக்ளியஸ்கிட்ட கேட்டா ரிலாக்சேஷன் (கலைச்சுவிட்ட ஸ்பின் அடங்குறது) ரொம்ப வேகம், காந்த அலைச்சல் பயங்கரமா இருக்குங்குது. அதே தளத்துல அதே எலக்ட்ரான்களுக்கு நடுவுல இருக்கிற ஆக்சிஜன்கிட்ட கேட்டா, சாதா உலோகம் மாதிரி அமைதியா இருக்கேங்குது. ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்லணுமேன்னு ஆளாளுக்கு குழம்பினாங்க, ரெண்டு தனித்தனி எலக்ட்ரான் கூட்டம் இருக்கோன்னு கூட பேச்சு ஓடுச்சு. விஷயம் என்னன்னா ஆக்சிஜன் ரெண்டு காப்பருக்கு சரியா நடுவுல உக்காந்திருக்கு, ரெண்டு காப்பரோட ஸ்பின்னும் எதிரெதிரா ஆடும்போது கயிறு இழுக்குற போட்டில ரெண்டு பக்கமும் சமமா இழுத்தா நடுமுடிச்சு நகராத மாதிரி, ஆக்சிஜன் மேல வர்ற புலம் ஒண்ணையொண்ணு கழிச்சுக்குது. அப்போ காப்பர்ல பெருசா, ஆக்சிஜன்ல ஒண்ணுமில்லாம இருக்குன்னா அந்த அலைச்சல் ஆன்ட்டிஃபெரோமேக்னடிக் வகைன்னு தன்னால வந்துடுது. ஒரே பொருள்ல ரெண்டு ஜன்னல் வழியா பாத்ததாலதான் இது தெரிஞ்சுது. மியூவானால இத பண்ண முடியாது, அது ஆக்சிஜன் பக்கத்துல எங்கயோ தனக்கு வசதியான இடத்துல போய் ஒட்டிக்கும், எங்கன்னு கம்ப்யூட்டர் கணக்கு போட்டுத்தான் கண்டுபுடிக்கணும், போதாக்குறைக்கு அது ஒரு பாசிட்டிவ் சார்ஜ், சுத்தி இருக்கிற அணுக்களையே கொஞ்சம் நகத்திட்டு உக்காரும்.

சரி, என்எம்ஆரோட கஷ்டம். முதல்ல நேரம். லோ டெம்பரேச்சர்ல ஒரு ரிலாக்சேஷன் பாயிண்ட் எடுக்க சில சமயம் ஒரு நாளே போயிடும். சிக்னல் தெரியலன்னா ட்யூனிங் தப்பா, சாம்பிள் தப்பா, கிரவுண்டிங் தப்பா, இல்ல நெஜமாவே சிக்னல் அங்க இல்லையான்னு தெரியாம வாரக்கணக்கா சுத்துவீங்க. ஆக்சிஜன் 17 இயற்கைல 0.038 சதவீதம்தான் இருக்கு, அதனால காசு குடுத்து செறிவூட்டுன ஆக்சிஜன் வாங்கி சாம்பிள்ள ஏத்தணும், அது கொள்ளை விலை. லிக்விட் ஹீலியம் இல்லாம பெரும்பாலான சூப்பர்கண்டக்டிங் மேக்னட் நிக்காது, நம்ம ஊர்ல ஹீலியம் இறக்குமதிதான், பட்ஜெட் வர லேட்டாச்சுன்னா எல்லாரும் மேக்னட்ட பாத்துக்கிட்டே கவலப்படுவாங்க.

அத விட மோசமானது, சிக்னல் அழகா வந்தும் தப்பான பதில் சொல்றது. ஸ்ட்ரான்ஷியம் ருத்தனேட் கதைய இந்த ஃபீல்டுக்கு வர்ற எல்லாரும் தெரிஞ்சுக்கணும். 1.5 கெல்வின்ல சூப்பர்கண்டக்டர் ஆகுற பொருள். 1998ல ஜப்பான்ல ஒசாகா, கியோட்டோ ஆளுங்க சேந்த குழு ஆக்சிஜன் 17 நைட் ஷிஃப்ட் (சுத்தி இருக்கிற எலக்ட்ரான் ஸ்பின்களால ஃப்ரீக்வென்சி நகர்ற அளவு) எடுத்தாங்க, சூப்பர்கண்டக்டர் ஆனப்புறமும் ஷிஃப்ட் மாறவே இல்ல. சாதாரண சூப்பர்கண்டக்டர்ல ஜோடி சேர்ற எலக்ட்ரான்களோட ஸ்பின் ஒண்ணையொண்ணு கழிச்சு ஷிஃப்ட் கொறையணும், மாறலன்னா ரெண்டு ஸ்பின்னும் ஒரே பக்கம் பாக்குற டிரிப்ளட்னு அர்த்தம். இருபது வருஷம் இது டெக்ஸ்ட்புக் விஷயமாவே ஆகிடுச்சு. 2019ல கலிஃபோர்னியா லாஸ் ஏஞ்சலஸ் குழு திரும்ப எடுத்தாங்க, இந்த தடவ பல்ஸோட எனர்ஜிய கொறைச்சு கொறைச்சு. ஷிஃப்ட் நல்லாவே எறங்குச்சு. நடந்தது என்னன்னா ரேடியோ பல்ஸ் அடிச்ச அந்த நொடில சாம்பிள் சூடாகி சூப்பர்கண்டக்டிவிட்டியே போயிடுது, நாம அளக்குறது சாதா உலோகத்தத்தான், பக்கத்துல இருக்கிற தெர்மாமீட்டருக்கு அந்த சூடு தெரியவே தெரியாது. அதுக்கப்புறம் அந்த ஜப்பான் குழுல இருந்தவங்களே 2020ல எடுத்துப் பாத்து ஆமா எறங்குதுன்னு ஒத்துக்கிட்டாங்க, அது பெரிய மனசு. அதே 1998ல அதே பொருள்ல மியூவான் ஒரு சின்ன தானா வர்ற காந்தப்புலத்த பாத்துச்சு, மியூவான் மெத்தட்ல ரேடியோ பல்ஸே கெடையாதுங்கறதால இந்த சூடு பிரச்சன அதுக்கு இல்ல, ஆனா அந்த புலத்த டிரிப்ளட் இல்லாத படத்துல எப்படி பொருத்துறதுன்னு இன்னிக்கு வரைக்கும் சண்ட ஓடுது. இதுல இருந்து நான் எடுத்துக்கிறது, பல்ஸ் எப்படி போகுது, காயில்ல என்ன நடக்குது, சாம்பிள்ல எங்க சூடாகுதுன்னு மெஷினோட வயித்துக்குள்ள கைய விட்டவன் தான் இந்த மாதிரி விஷயத்த கண்டுபுடிப்பான். பட்டன் அழுத்துறவன் கண்டுபுடிக்க மாட்டான்.

ஈஎஸ்ஆர் பக்கம் வருவோம். நம்ம ஊர்ல இத யாரும் மதிக்க மாட்டேங்குறாங்க, கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் சமாச்சாரம்னு ஒதுக்கிடுறாங்க, எனக்கு அதுல வருத்தம். எக்ஸ் பேண்டுன்னா 9.5 கிகாஹெர்ட்ஸ், 0.34 டெஸ்லா, சாதா எலக்ட்ரோமேக்னட்டே போதும், மேக்னட்டுக்கு ஹீலியம் வேணாம். சில மில்லிகிராம் சாம்பிள் போதும். காப்பர்னா நாலு கோடு, மாங்கனீஸ்னா ஆறு கோடுன்னு பாத்தவுடனே அயனோட அடையாளம் தெரிஞ்சிடும். ஹெர்பர்ட்ஸ்மித்தைட்ல ரெண்டாவது கேள்விக்கு, அதாவது ககோமே கணக்க கெடுக்குற சக்தி எவ்ளோங்கறதுக்கு, பதில் சொன்னது ஈஎஸ்ஆர்தான். 2008ல லைனோட அகலத்த வச்சு ஜியாலோஷின்ஸ்கி-மோரியா சக்தி (பக்கத்து பக்கத்து ஸ்பின்கள கொஞ்சம் சாய்க்கப் பாக்குறது) மெயின் சக்தில சுமார் 8 சதவீதம்னு கணக்கு பண்ணாங்க. கேக்க சின்ன நம்பரா இருக்கும், ஆனா தியரிகாரங்க கணக்குல இது 10 சதவீதத்த தாண்டினா ஸ்பின்லாம் ஒழுங்கா உறைஞ்சிடும். அப்போ இந்த பொருள் எல்லைக்கோட்டுக்கு பக்கத்துலயே நிக்குதுன்னு அர்த்தம். ஒரு பழைய பாணி ஸ்பெக்ட்ரத்தோட அகலத்துல இருந்து இவ்ளோ பெரிய விஷயம் வந்திருக்கு.

பிரச்சன என்னன்னா காந்த அயனெல்லாம் நெருக்கமா இருக்கிற பொருள்ல லைன் பல நேரம் ரொம்ப அகலமாகி பேஸ்லைனோட கலந்துடும். நிக்கல் மாதிரி ஸ்பின் 1 அயன்ல அனிசோட்ரோபி (ஸ்பின் சில திசைய மட்டும் விரும்புறது) பெருசா இருந்தா எக்ஸ் பேண்டுல ஒண்ணுமே தெரியாது, 100 கிகாஹெர்ட்ஸுக்கு மேல போகணும், அதுக்கு டல்லஹாசி, ட்ரெஸ்டன், க்ரெனோபிள் மாதிரி ஹை ஃபீல்டு லேபுக்கு ஓடணும். பல்ஸ் ஈஎஸ்ஆர்ல எல்லாமே நேனோசெகண்ட் கணக்கு, எலக்ட்ரானிக்ஸ் பயமுறுத்தும். ஆனா சொந்தமா பெரிய மேக்னட் இல்லாத ஸ்டேட் யூனிவர்சிட்டில சேர்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: முதல் பேப்பருக்கு ஈஎஸ்ஆர் மாதிரி நண்பன் கெடைக்காது. சென்னைல ஐஐடி மெட்ராஸ்ல இருக்கிற சைஃப்ங்கற பொது உபகரண மையத்துல வெளியாளுங்களுக்கும் காசு கட்டினா ஈபிஆர் எடுத்துத் தர்றாங்க. சாம்பிள நல்லா பண்ணிட்டு, ஸ்பெக்ட்ரத்த நீங்களே உக்காந்து சிமுலேட் பண்ணி ஃபிட் பண்ணக் கத்துக்கிட்டா பாதி தீசிஸ் அதுலயே இருக்கு.

இப்ப மியூவானோட இன்னொரு பக்கம். இந்தியாவுல இதுக்கான மியூவான் பீம் கெடையாது. இங்கிலாந்துல ஐசிஸ், சுவிட்சர்லாந்துல பிஎஸ்ஐ, கனடாவுல ட்ரையம்ஃப், ஜப்பான்ல ஜேபார்க், முக்கியமா இந்த நாலுதான். ப்ரொபோசல் எழுதணும், கமிட்டி மார்க் போடும், கெடச்சா சில நாள் பீம்டைம். அந்த சில நாள் ராவும் பகலும் ஷிஃப்ட் போட்டு உக்காருவீங்க, அது ஒரு திருவிழா மாதிரிதான், ஜாலியாவும் இருக்கும், நல்ல நல்ல ஆளுங்க பழக்கமாவாங்க, போஸ்ட்டாக் கெடைக்கவும் வழி. மியூவானோட ஆயுசு 2.2 மைக்ரோசெகண்ட், அதனால ஒரு ஸ்பெக்ட்ரம் கோடிக்கணக்குல மியூவான எண்ணியும் ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும், என்எம்ஆர்காரன் பாத்தா வயிறு எரியும். எங்க போறதுங்கறதும் முக்கியம், ஐசிஸ்ல மியூவான் கொத்து கொத்தா வரும், பேக்ரவுண்டு கம்மி, மெதுவான ரிலாக்சேஷனுக்கு அருமை, ஆனா பெரிய உள்புலத்தால வர்ற வேகமான சுழற்சி தெரியாது, அதுக்கு ஒண்ணொண்ணா விடுற பிஎஸ்ஐ மாதிரி இடம் வேணும். தெரியாம தப்பான இடத்துக்கு ப்ரொபோசல் போட்டு "ஆசிலேஷன் இல்ல, அதனால ஆர்டர் இல்ல"ன்னு எழுதிடாதீங்க.

ஆனா வருஷத்துல மிச்ச நாள் என்ன பண்ணுவீங்க? அதான் கேள்வி. டேட்டாவ ஃபிட் பண்ணிக்கிட்டு அடுத்த ப்ரொபோசல் எழுதிக்கிட்டு இருப்பீங்க. விசா லேட், ஆக்சிலரேட்டர் அப்கிரேடுன்னு மாசக்கணக்கா ஷட்டவுன், கிரையோஸ்டாட் பிரச்சனைல ஒரு நாள் போச்சுன்னா அது போனது போனதுதான், திரும்ப ஆறு மாசமோ ஒரு வருஷமோ. மெஷின அங்க இருக்கிற சயின்டிஸ்ட் பாத்துப்பாரு, நீங்க தொட வேண்டியது சாம்பிள் ஹோல்டரும் மவுஸும்தான். மியூவான மட்டும் நம்பி பிஎச்டி பண்றத நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சாம்பிள் க்ரோ பண்றது, ஸ்பெசிஃபிக் ஹீட், இல்ல என்எம்ஆர்னு வீட்டு வேல ஒண்ணு இருந்து, மியூவான் பக்கத்துணையா இருந்தா அது அம்சமான காம்பினேஷன்.

வைரம். இப்போ எல்லாரும் ஆசப்படுறது இதுதான், நியாயமான ஆசைதான். 1997ல கெம்னிட்ஸ்ல ஒத்த என்வி சென்டரோட ரெசனன்ஸ ரூம் டெம்பரேச்சர்லயே பாத்தாங்க. பச்சை லேசர் 532 நேனோமீட்டர் அடிச்சா சிவப்பா மின்னும், 2.87 கிகாஹெர்ட்ஸ்ல மைக்ரோவேவ் குடுத்தா அந்த மினுக்கம் கொறையும், வெளிய புலம் வச்சா அந்த ஒரு டிப் ரெண்டா பிரியும், பிரிஞ்ச தூரத்த அளந்தா புலம் தெரிஞ்சிடும். அவ்ளோதான். நெறைய என்வி இருக்கிற ஒரு சின்ன வைரத்துண்டு, லேசர், ஃபில்டர், ஃபோட்டோடயோடு, மைக்ரோவேவ் சோர்ஸ் இருந்தா ஒரு மேசைல செட்டப் போட்டுடலாம், ஹீலியம் வேணாம், மேக்னட்னு பாத்தா ஒரு நிரந்தர காந்தம் போதும். 2009ல கார்பன் 13ஐ வடிகட்டின வைரத்துல ரூம் டெம்பரேச்சர்லயே 1.8 மில்லிசெகண்ட் கொஹரன்ஸ் (ஸ்பின் தாளம் தப்பாம இருக்கிற நேரம்) வந்துச்சு, எலக்ட்ரான் ஸ்பின்னுக்கு அது நம்பவே முடியாத நீளம். 2013ல வைரத்துக்கு மேல ஒட்டுன சில நேனோமீட்டர் அளவு பொருள்ல இருந்து ப்ரோட்டான் என்எம்ஆரே எடுத்துட்டாங்க. 2019ல பாசல் குழு ஒரு அடுக்கு ரெண்டு அடுக்கு குரோமியம் அயோடைடோட காந்தத்தன்மைய ஸ்கேன் பண்ணிப் படமாவே போட்டாங்க, அத பல்க் என்எம்ஆர்ல கனவுல கூட பண்ண முடியாது, அவ்ளோ கொஞ்சூண்டு பொருள்ல காயிலுக்கு சிக்னலே வராது.

ஆனா இது சர்ஃபேஸ் ஆளு. என்வி சாம்பிளுக்கு சில பத்து நேனோமீட்டர் பக்கத்துல இருந்தாத்தான் கூர்மையா பாக்கும், க்ரிஸ்டலுக்கு நடுவுல இருக்கிற காப்பர் என்ன நெனைக்குதுன்னு அதுகிட்ட கேக்க முடியாது. என்வியோட அச்சுக்கு சாய்வா பெரிய புலம் குடுத்தா ஸ்பின் நிலைகள் கலந்து கான்ட்ராஸ்ட் செத்துடும். மில்லிகெல்வின் பக்கம் போனா லேசரும் மைக்ரோவேவும் சேந்து சாம்பிள சுட வச்சிடும், மேல சொன்ன ருத்தனேட் கதை மாதிரிதான். ஹெர்பர்ட்ஸ்மித்தைட் கேள்விக்கெல்லாம் வைரத்த தூக்கிட்டு போறது வீண். பணம் இருக்கிற எடமும் இதுதான்: 2023ல வந்த நேஷனல் குவாண்டம் மிஷனுக்கு 6003.65 கோடி ரூபா, அதுல சென்சிங் ஹப் ஐஐடி பாம்பேல, கம்யூனிகேஷன் ஹப் ஐஐடி மெட்ராஸ்ல. ஃபெலோஷிப், உபகரணம், வேல வாய்ப்பு எல்லாமே இந்தப் பக்கம் ஓடுது. அதுக்காக மட்டும் போறீங்கன்னா தப்பு சொல்ல மாட்டேன், அஞ்சு வருஷம் சோறு முக்கியம்.

மேக்னட்டே வேணாம்னா என்க்யூஆர்னு (நியூக்ளியர் குவாட்ருபோல் ரெசனன்ஸ்) ஒண்ணு இருக்கு, காப்பர் குளோரின் மாதிரி நியூக்ளியஸ் க்ரிஸ்டலோட மின்புலத்துலயே தானா ரெசனன்ஸ் ஆகும். செலவு கம்மி, ட்யூனிங் கத்துக்க இத விட நல்ல பள்ளிக்கூடம் இல்ல. பூமியோட புலத்துலயே ப்ரோட்டான் என்எம்ஆரும் பண்ணலாம், தமிழ்நாட்டுல சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அப்போ ஃப்ரீக்வென்சி 1.7 கிலோஹெர்ட்ஸ், சிக்னல ஆம்ப்ளிஃபை பண்ணி ஸ்பீக்கர்ல விட்டா காதாலயே கேக்கலாம். எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு அருமையான விஷயம், பிஎச்டிக்கு மட்டும் போதாது.

மூணாவது கேள்வி பாக்கி இருக்கு, கேப் இருக்கா இல்லையா. இங்கதான் என்எம்ஆரோட ஆட்டம், அதோட அவஸ்தையும். 2015ல ஒரு குழு ஆக்சிஜன் 17 செறிவூட்டுன ஒத்த க்ரிஸ்டல்ல ஷிஃப்ட் எடுத்து கேப் இருக்குன்னு சொன்னாங்க. 2020ல ஓர்சே பக்கத்து குழு, முதல் ஆசிரியர் குந்தியா இப்போ ஐஐடி மெட்ராஸ்ல இருக்காரு, அதே ஆக்சிஜன் 17ஐ வச்சு கேப் இல்லன்னு சொன்னாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே தலவலி, சிங்க் இருக்க வேண்டிய இடத்துல கொஞ்சம் காப்பர் போய் உக்காந்து குட்டி காந்தமா ஆடுறது. அதுக்கு பக்கத்துல இருக்கிற ஆக்சிஜனோட சிக்னலையும், தூரத்துல நிம்மதியா இருக்கிற ஆக்சிஜனோட சிக்னலையும் எப்படி பிரிக்கிறீங்கங்கறதுலதான் மொத்த வாதமும். 2021ல காப்பர் என்க்யூஆர் வச்சு இன்னொரு பேப்பர், கேப் எடத்துக்கு எடம் மாறுதுன்னு. இன்னும் முடியல. மியூவான்கிட்ட இந்த பிரிக்கிற வசதி இல்ல, ஈஎஸ்ஆர்ல ஒரே அகல லைனா வந்து நிக்குது, வைரம் எட்டாது. சண்டையே என்எம்ஆருக்குள்ளதான் நடக்குது, ஏன்னா இந்த கேள்விய இவ்ளோ கிட்டப்போய் கேக்குற மெத்தட் அதுதான்.

அப்போ என் முடிவு. பொருளுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சே ஆகணும், பொறுமை இருக்கு, சால்டரிங் அயர்ன் புடிக்க பயம் இல்லன்னா சாலிட் ஸ்டேட் என்எம்ஆர், கூட வருஷத்துக்கு ஒரு மியூவான் பீம்டைம். ஆப்டிக்ஸ் புடிக்கும், ப்ரோக்ராம் எழுத வரும், பிஎச்டி முடிச்சு கம்பெனி பக்கமும் போகலாம்னு யோசிக்கிறீங்கன்னா வைரம், ரெண்டாவது யோசனையே வேணாம். வசதி கம்மியான எடம், ஆனா சாம்பிள் பண்ற கை நல்ல கைன்னா ஈஎஸ்ஆர். மியூவான் மட்டும்னா, வெளிநாட்டுல அந்த மெஷின் பக்கத்துலயே சீட் கெடச்சா மட்டும் போங்க, அப்போ நீங்க விசிட்டர் இல்ல, டிடெக்டர கழட்டி மாட்டுற ஆளு.

இதுல ரெண்டு மூணுக்கு நடுவுல ஊசலாடுனா மெத்தட் பேர மறந்துட்டு லேப போய் பாருங்க. ப்ரொஃபசர்ட்ட பத்து நிமிஷம் பேசுனா போதும், மூணாவது வருஷம் படிக்கிற அண்ணனோ அக்காவோ கூட கேன்டீன்ல உக்காந்து மிச்சத்த கேளுங்க. சாம்பிள் யாரு பண்றாங்க, லேபுக்குள்ளயேவா இல்ல வெளிநாட்டுல இருந்து கூரியர்ல வருதா? ஹீலியத்துக்கு ரெகவரி லைன் இருக்கா, கடைசியா எப்போ மேக்னட் சூடாச்சு? பீம்டைம் கெடச்சப்போ ஸ்டூடன்ட்ஸ கூட்டிட்டு போனாங்களா இல்ல சார் மட்டும் போயிட்டு வந்தாரா? சாம்பிள மேக்னட்டுக்குள்ள எறக்குற ப்ரோப்ல காயில் யாரு சுத்துறா? இந்த கடைசி கேள்விக்கு "அதெல்லாம் கம்பெனி இன்ஜினியர் வந்து பாத்துப்பாரு"ன்னு பதில் வந்தா, எவ்ளோ பெரிய பேரா இருந்தாலும் அந்த லேப லிஸ்ட்ல கடைசிக்கு தள்ளிடுங்க.